குற்றாலத்துல பர்ஸ் போச்சு: முதல்ல ஸ்டேஷனா, பேங்கா?

22 ஜூன் 2024, இரவு 8.40. கடையநல்லூர் வாசகர் ஒருவர் கேட்டது

இன்னைக்கு மத்தியானம் ஐந்தருவியில குளிச்சிட்டு வந்து பார்த்தா, துணிப்பையோட பர்ஸையும் காணோம். உள்ளே ரெண்டு கிரெடிட் கார்டு, லைசென்ஸ், பான் கார்டு, கொஞ்சம் ரூபாய். போன் வீட்டுக்காரி கையில இருந்ததால தப்பிச்சது. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் (மனு வாங்கினதுக்குப் போலீஸ் தர்ற ரசீது) வாங்கினாத்தான் பேங்க்ல பேசவே முடியும்னு மாமா சொன்னாரு. சாயங்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தோம், எழுத்தர் நாளைக்கு வரச் சொல்லிட்டாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பேங்குக்குத் திங்கட்கிழமை போனா சரியா இருக்குமா?

22 ஜூன், 8.52

திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க வேண்டாம். இதைப் படித்த கையோடு ரெண்டு கார்டையும் பிளாக் பண்ணுங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

கஸ்டமர் கேர் நம்பர் கார்டின் பின்பக்கம் இருக்கும். உங்களிடம் கார்டே இல்லை. மெயிலில் வரும் மாத ஸ்டேட்மென்ட்டின் அடியிலும் அதே நம்பர் அச்சாகியிருக்கும், பேங்க் ஆப்பிலும் இருக்கும். கூகுளில் தேடி முதலில் வரும் நம்பருக்கு மட்டும் அடிச்சிராதீங்க. கஸ்டமர் கேர் என்ற பெயரில் போலி நம்பரைப் போட்டுவிட்டு, உங்களை மாதிரி பதறிப்போய் தேடுகிறவருக்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது.

24 மணி நேரமும் எடுப்பார்கள். சிஎஸ்ஆர் நம்பர் எல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். "தொலைந்துவிட்டது" என்று சொன்னால் போதும். பிளாக் ஆனதும் புகார் எண் ஒன்று தருவார்கள், எஸ்எம்எஸ் வரும். அதை அழிக்காமல் வையுங்கள், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

22 ஜூன், 9.05

இன்னொன்று. ஆப்பில் "லாக்" என்றும் "பிளாக்" என்றும் தனித்தனியாக இருக்கும். லாக் என்பது நாமே பூட்டி நாமே திறக்கிற வசதி. வீட்டில் சோபா இடுக்கில் கிடக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அது போதும். திருட்டு என்று தெரிந்த பிறகு, தொலைந்தது அல்லது திருடு போனது என்று காரணம் கேட்கிற நிரந்தர பிளாக்தான் வேண்டும். அதுதான் பேங்குக்குத் தகவல் சொன்ன கணக்கில் வரும். பதற்றத்தில் முதலில் லாக் போட்டாலும் தப்பில்லை, அதோடு நின்றுவிடாதீர்கள்.

ரூபே கிரெடிட் கார்டை ஜிபே, போன்பே மாதிரி யுபிஐ ஆப்பில் சேர்த்திருந்தால் அங்கேயிருந்தும் எடுத்துவிடுங்கள்.

23 ஜூன், காலை

கேட்டவர் தனியாகத் தகவல் அனுப்பியிருக்கிறார், இங்கே போடச் சொல்லியும் இருக்கிறார். இரவு 9.20-க்கு ரெண்டும் பிளாக் ஆயிட்டு. ஆனால் அதற்கு முன்பே ஒரு கார்டில் ரெண்டு தடவை கைவைத்திருக்கிறார்கள். 2.50-க்கு தென்காசியில் ஒரு கடையில் 3,780 ரூபாய். 5.15-க்கு வேறொரு கடையில் 4,650. வீட்டுக்காரி கையில் இருந்த போன் சைலன்ட்டில் இருந்திருக்கிறது, எஸ்எம்எஸ்ஸை யாரும் பார்க்கவில்லை.

ரெண்டாவது எடுப்பு நடந்த 5.15-க்கு இவர்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான். எது காணாமல் போனாலும் முதலில் ஸ்டேஷன், அடுத்தது சோழி போட்டுப் பார்க்கிறவர்.

24 ஜூன்

3,780, 4,650. இந்தத் தொகைகளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரெண்டும் 5,000-க்குக் கீழே.

எனக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எலக்ட்ரிகல் கடை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே கார்டு தேய்க்கிற மெஷின். கார்டை மெஷின்மேல் காட்டினாலே பணம் போகிற டேப் முறையில், பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 வரை போகும். முன்பு 2,000-மாக இருந்ததை 2021 ஜனவரி 1 முதல் 5,000 ஆக்கினார்கள். நல்ல வசதிதான். மாசம் பிறந்ததும் ஒயரிங் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது எனக்கும் அது உதவி. ஆனால் பர்ஸ் அடித்தவனுக்கு அதைவிட உதவி.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். இருபது வயசு இருக்கும். தலையில் புதுத் தொப்பி, விலைச்சீட்டு நூல் இன்னும் தொங்குது. ஒயர் காயில் நாலும் சீலிங் ஃபேன் ஒன்றும் கேட்டான். எந்தக் கம்பெனி, என்ன அளவு, எதுவும் கேட்கவில்லை. ஒயர் வாங்க வருகிற எவனும் "ஒன்னா ஒன்னரையா" என்று கேட்காமல் இருக்க மாட்டான். பில் 8,400 வந்தது. "அண்ணாச்சி, ரெண்டு பில்லாப் போடுங்க, ரெண்டு தடவை காட்டுதேன்" என்றான். "எதுக்குடே? ஒரே பில்லா பின்னைப் போட்டுட்டுப் போ" என்றேன். "பின் எங்க அப்பாவுக்குத்தான் தெரியும், கேட்டுட்டு வாரேன்" என்று போனான். ஃபேன் கல்லா மேலேயே கிடந்தது. ராத்திரி கடை அடைக்கும்போது நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன்.

அது திருட்டுக் கார்டுதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பின் தெரியாத மகன்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் 5,000-க்கு மேல் வந்த பில்லை உடைக்கச் சொல்கிறவனிடம் பின் கேட்பது என்று கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். டேப் பண்ணினால் அது சீட்டிலேயே அச்சாகிவிடும். நாளைக்குப் பேங்கில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும், கடைக்காரர்கள் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

24 ஜூன், மாலை

"டேப்பையே நிறுத்த முடியாதா?" என்று ஒருவர் கேட்கிறார். முடியும். டேப், ஆன்லைன், வெளிநாடு என்று ஒவ்வொன்றையும் ஆப்பில் தனித்தனியாக அணைக்கலாம், தொகைக்கு வரம்பும் வைக்கலாம். 2020-ல் ரிசர்வ் பேங்க் கட்டாயமாக்கியது. புதுக் கார்டு நம் கைக்கு வரும்போது இந்த மூன்றும் அணைந்தபடிதான் வரவேண்டும். நாம்தான் ஏதோ ஒரு ஆஃபருக்காகத் திறந்துவிட்டு மறந்துபோகிறோம்.

என் கார்டில் டேப்பை 1,000-த்தில் வைத்திருக்கிறேன். பெட்ரோலுக்கு அது போதும்.

25 ஜூன்

ஸ்டேஷன் விஷயத்துக்கு வருகிறேன். மாமா கட்சி ஆட்கள் ரெண்டு மூன்று பேர் என்மேல் பாய்ந்திருக்கிறார்கள். போலீஸ் வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வரிசை மாறக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எழுதிக் கொடுங்கள், சிஎஸ்ஆர் வாங்குங்கள். 'இந்தப் பரிவர்த்தனை என்னுடையதல்ல' என்று கொடுக்கிற தகராறு மனுவோடு பேங்க் அதையும் கேட்கலாம். பான் கார்டை வைத்து நாளைக்கு எவனாவது உங்கள் பெயரில் கடன் வாங்கினால், இந்தத் தேதியில் அது என்னிடம் இல்லை என்று காட்ட அந்தக் காகிதம் உதவும். லைசென்ஸ் தொலைந்ததற்கு மட்டும் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், அதற்காகப் போய்க் காத்திருக்க வேண்டாம்.

எந்த ஸ்டேஷன் என்பதில் பலர் குழம்புகிறார்கள். குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம், 2019 நவம்பரில் பிரித்துவிட்டார்கள். பேச்சுக்கு எல்லாமே நமக்குத் திருநெல்வேலிச் சீமைதான், ஆனால் பாளையங்கோட்டையில் போய் மனு கொடுத்தால் குற்றாலத்துக்குத்தான் கையைக் காட்டுவார்கள்.

அப்புறம் 1930. இணைய மோசடிக்கான தேசிய உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வழியிலேயே நிறுத்துவதுதான் அதன் பலம். கடையில் டேப் பண்ணி சட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தால் நிறுத்துவதற்கு அங்கே பணம் இல்லை. ஆனாலும் பதிந்து வையுங்கள், ஒப்புகை எண் கிடைக்கும். கார்டிலிருந்து ஏதாவது வாலட்டுக்கோ ஆன்லைனிலோ போயிருந்தால் பிளாக் பண்ணியதற்கு அடுத்த போன் இதுதான்.

27 ஜூன்

"3 நாள் தாண்டினா ஒரு பைசா வராது" என்று ஒருவர். "7 நாள் டைம் இருக்கு, பதறாதீங்க" என்று இன்னொருவர். ரெண்டு பேரும் பாதிதான் சொல்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கை இது. நம் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் நமக்கு எவ்வளவு பொறுப்பு என்பது அதில்தான் இருக்கிறது. ஆன்லைன் மட்டுமல்ல, கடையில் கார்டு காட்டி நடப்பதும் அதற்குள் வரும். தவறு பேங்க் பக்கம் என்றால், நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நமக்குப் பொறுப்பு இல்லை. தவறு பேங்க் பக்கமும் இல்லை, நம் பக்கமும் இல்லை, மூன்றாவது ஆள் என்றால், பேங்கிடமிருந்து தகவல் வந்த பிறகு 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் வரம்பு இருந்தால் 25,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டும். 7 தாண்டினால் அந்தந்தப் பேங்கின் கொள்கைப்படி.

வேலை நாள் என்பது உங்கள் கிளை திறந்திருக்கிற நாள். எஸ்எம்எஸ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இவருக்கு எஸ்எம்எஸ் வந்தது ஜூன் 22, நாலாவது சனி, பேங்க் லீவு. 23 ஞாயிறு. ஆக 24, 25, 26 தான் அந்த மூன்று நாள். ஜூன் 29 அஞ்சாவது சனி, அன்று பேங்க் உண்டு. அதனால் ஏழாவது நாள் ஜூலை 1-ல் முடிகிறது.

இப்போது "7 நாள் இருக்கு" என்றவருக்கு. அந்த 10,000 என்பது மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும். பரிவர்த்தனைத் தொகையா 10,000-மா, எது குறைவோ அது. டேப்பில் போகிறது எல்லாமே 5,000-க்கு உள்ளேதானே. அப்படியானால் நாலாவது நாள் போய்ச் சொன்னால் 3,780 முழுக்க உங்கள் தலையில், 4,650-ம் முழுக்க உங்கள் தலையில். டேப் திருட்டுக்கு அந்த 4 முதல் 7 நாள் சலுகையால் எந்தப் பிரயோசனமும் இல்லை. 3 நாள்தான் கெடு.

சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு நடப்பது எதுவானாலும் பேங்க் பொறுப்பு, நம் கவனக்குறைவால் போன கார்டாக இருந்தாலும் சரி. அதனால்தான் 9.20 என்கிற அந்த நேரத்துக்கு முதல் நாளே அவ்வளவு அழுத்தம் கொடுத்தேன்.

30 ஜூன், ஞாயிறு

வியாபாரம் இல்லை, மழை வேற. கொஞ்சம் வம்பளக்கிறேன்.

சீசன் நேரம் குற்றாலத்தில் பர்ஸை எங்கே வைப்பது என்பதற்கு ஆளுக்கொரு சாஸ்திரம் வைத்திருக்கிறோம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார் எங்கள் அப்பா. அவர் காலத்தில் ஒன்றும் போனதில்லை, துணியில் எடுக்கவும் ஒன்றும் இருக்காது. சித்தப்பா பிளாஸ்டிக் கவரில் பர்ஸைச் சுற்றி டிராயருக்குள் செருகிக்கொண்டு மெயின் அருவிக்குக் கீழே நிற்பார். வெளியே வரும்போது பர்ஸும் இருக்கும், அதற்குள் அரை லிட்டர் குற்றாலத் தண்ணீரும் இருக்கும். ஒருத்தர் பாதுகாப்புக்கு ஆள் வைத்து, அந்த ஆளே போய்ட்டான்.

மைனிதான் (அண்ணி) கெட்டிக்காரி. முந்தியில் முடிந்த ரூபாயோடு கார்டையும் சேர்த்து முடிந்துவிடுவாள். போன வாரம் திருநெல்வேலி டவுனில் தேரோட்டம், வடம் அறுந்து அறுந்து தேர் நின்றுகொண்டே இருந்தது, நாலு ரத வீதியிலும் கூட்டம் நெரிகிறது. அந்தக் கூட்டத்திலும் முடிச்சு அவிழவில்லை. இதில் ஒருத்தர், "கூட்டத்தில் மெஷினை இடுப்போடு உரசினாலே டேப்பில் பணம் எடுத்துருவானாமே" என்று கேட்டிருக்கிறார். கார்டு மெஷினுக்குச் சில சென்டிமீட்டர் அருகில் வர வேண்டும், தொகையை முதலிலேயே அடித்து வைத்திருக்க வேண்டும், அந்த மெஷினும் யாரோ ஒருவரின் பேங்க் கணக்கோடு இணைந்திருக்கும். அவ்வளவு மெனக்கெடுகிறவன் பர்ஸையே உருவிவிட்டுப் போவான்.

எத்தனை கார்டு கொண்டுபோவது என்பது நல்ல கேள்வி. அருவிக்குப் போக ஒன்று போதும். மற்றது லாட்ஜிலோ வீட்டிலோ கிடக்கட்டும்.

4 ஜூலை

27-ந் தேதிக் குறிப்பில் "தவறு நம் பக்கமும் இல்லை என்றால்" என்று எழுதினேன் அல்லவா, அந்த வரிதான் சண்டைக்கே ஊற்று. எழுதும்போதே மனசில் உறுத்தியது, இன்று ஒருவர் பிடித்துவிட்டார்: "கார்டைத் தொலைத்ததே கவனக்குறைவுதானே? பேங்க் அப்படிச் சொன்னால்?"

சொல்லும். நிச்சயம் சொல்லிப் பார்க்கும். சுற்றறிக்கை கவனக்குறைவுக்குக் கொடுக்கிற உதாரணம், பாஸ்வேர்ட் மாதிரி ரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்வது. பின் எழுதிய சீட்டை கார்டோடு செருகி வைத்திருந்தால் நான் அவருக்காக வாதாட மாட்டேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பின் நம்பரைக் கார்டு மேலேயே பேனாவால் எழுதி, திருடனுக்குத் தெரியாமல் இருக்க தலைகீழாக எழுதியிருந்தார். ஆனால் திருடனுக்கு பின் நம்பரே தேவையில்லை என்கிற டேப்பில், ரகசியம் எதையும் பகிர்ந்தார் என்று எப்படிச் சொல்வது? வாடிக்கையாளர் பொறுப்பு என்பதை நிரூபிக்கிற கடமை பேங்குடையது. அதே சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது.

இந்த நிரூபிக்கிற கடமை எனக்கு ஒரு தடவை கை கொடுத்தது. கார்டு சட்டைப் பையிலேயே இருக்கிறது, விடியக்காலம் வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் 11,000 சொச்சம் போயிருக்கிறது. நம் ஊர்த் தளம் என்றால் ஓடிபி கேட்கும், வெளிநாட்டுத் தளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்பரும் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் இருந்தால் போதும். பேங்கில் (பெயர் வேண்டாம்) பேசிய பெண், "நீங்கள் ஓடிபியை யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள் சார்" என்று பாட்டாகப் பாடிக்கொண்டே இருந்தது. கடைசியில், "அம்மா, இந்தப் பரிவர்த்தனைக்கு எனக்கு ஓடிபி அனுப்பிய பதிவை மெயிலில் அனுப்புங்க, அப்புறம் பேசுவோம்" என்றேன். பதிவு வரவில்லை. ஏனென்றால் ஓடிபியே போகவில்லை. பணம் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து வெளிநாட்டுப் பொத்தானை அணைத்தவன்தான்.

4 ஜூலை, சற்று நேரம் கழித்து

போனில் எவ்வளவு பேசினாலும் கடைசியில் மெயிலில் எழுதுங்கள். "இன்ன தேதி இன்ன நேரம் இன்ன புகார் எண்ணில் தெரிவித்தேன், இந்த ரெண்டு பரிவர்த்தனையும் என்னுடையதல்ல" என்று நாலு வரி. கண்ணீர்க் கதை வேண்டாம்.

9 ஜூலை

கடையநல்லூர்க்காரருக்கு 8,430-ம் தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறார்கள். நாம் சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் இப்படி வைக்க வேண்டும் என்பது விதி. அவர் முடிந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார். இல்லை அய்யா. இது விசாரணை முடிகிற வரைக்கும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதுவரை அந்தப் பணத்தை வந்ததாக நினைக்காதீர்கள்.

13 ஜூலை

பில் வந்தால் என்ன செய்வது என்று அவரே கேட்டிருக்கிறார், இது முக்கியம். தகராறில் இருக்கிற தொகை போக மீதியை முழுக்கக் கெடுத் தேதிக்குள் கட்டுங்கள். கோபத்தில் எதையுமே கட்டாமல் விட்டால் நாம் உண்மையில் வாங்கிய மளிகைக்கும் சேர்த்து வட்டி ஏறும், சிபில் கடன் மதிப்பெண்ணும் விழும். மோசடி என்று புகார் கொடுத்த தொகைக்கு, முடிவு தெரிகிற வரை எந்தக் கட்டணமும் போடக்கூடாது என்று 2022 ஏப்ரலில் வந்த கிரெடிட் கார்டு விதிகளில் இருக்கிறது. போட்டிருந்தால் அதையும் மெயிலில் சுட்டிக்காட்டுங்கள்.

ஆட்டோ டெபிட் வைத்திருக்கிறவர்கள் கவனம். "முழுத் தொகை" என்று கொடுத்திருந்தால் சேமிப்புக் கணக்கிலிருந்து திருட்டுத் தொகையையும் சேர்த்து உருவிவிடும். அப்புறம் திரும்ப வாங்குவது தனிக் கதை.

புதுக் கார்டு வந்ததும் பழைய கார்டில் மாசாமாசம் போய்க்கொண்டிருந்தது எல்லாம் நிற்கும். இன்டர்நெட், ஓடிடி, இன்சூரன்ஸ் பிரீமியம். இன்சூரன்ஸ் மட்டும் மறந்துராதீங்க, மற்றது நின்றால் தானே கத்தும். கூரியர் எந்த விலாசத்துக்கு வருகிறது என்றும் பாருங்கள். எங்கள் வீட்டுக் கார்டு ஒன்று அம்பாசமுத்திரம் பழைய வாடகை வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி பத்திரமாக அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்கள்.

20 ஜூலை

அடுத்த ஆட்டம் ஆரம்பம். அவருக்கு ஒரு போன். "உங்க பர்ஸ் கிடைச்சிருக்கு, நான் பேங்க்ல இருந்து பேசுதேன், கார்டை கேன்சல் பண்ண ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." பர்ஸில் அவருடைய விசிட்டிங் கார்டு இருந்திருக்கிறது, பெயரும் நம்பரும் அதிலிருந்து. நல்லவேளை, வீட்டுக்காரிதான் எடுத்திருக்கிறார். "பர்ஸ் கிடைச்சா அனுப்பு, ஓடிபி எதுக்குலே" என்று கேட்டதும் வைத்துவிட்டானாம். இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

கார்டை நிறுத்த ஓடிபியை எவரிடமும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பணம் திரும்பித் தர இருக்கிறோம் என்று லிங்க் அனுப்பினாலும் இதே ஆட்கள்தான். பர்ஸ் போன சூட்டோடு வருகிற எந்த உதவியையும் சந்தேகப்படுங்கள். நிஜமாகவே பர்ஸ் கிடைத்தவன் அதில் இருக்கிற லைசென்ஸ் விலாசத்துக்கு வருவான், இல்லை ஸ்டேஷனில் கொடுப்பான்.

பான் போனதால் கடன் அறிக்கையையும் பாருங்கள். சிபில் மாதிரி கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தெரியாத கடன், நீங்கள் கேட்காத கடனுக்காக நடந்த விசாரணை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது ஒன்று, மூணு நாலு மாசம் கழித்து வேறொரு நிறுவனத்தில் இன்னொன்று என்று பிரித்து எடுத்தால் காசு செலவில்லாமல் கண்காணிக்கலாம்.

17 ஆகஸ்ட்

பேங்கிலிருந்து பதில். "பரிவர்த்தனைகள் கார்டு நேரில் காட்டப்பட்டு நடந்துள்ளன, கார்டு உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டியது, எனவே புகார் நிராகரிக்கப்படுகிறது." தற்காலிக வரவையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். மாமா, "அப்பவே சொன்னேன்" என்கிறாராம்.

இதற்குத்தான் காகிதம் எல்லாம் சேர்த்து வைத்தது. நான் எழுதச் சொன்னது இது: கார்டு திருடப்பட்டது, சிஎஸ்ஆர் இணைப்பு. ரெண்டும் பின் இல்லாத டேப், ரகசிய விவரம் எதுவும் பயன்படவில்லை. எஸ்எம்எஸ் வந்த அன்றே இரவு 9.20-க்குத் தெரிவித்தாயிற்று, ஸ்கிரீன்ஷாட் இணைப்பு. 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி 3 வேலை நாளுக்குள் தெரிவித்ததால் பொறுப்பு பூஜ்யம். எங்கள் கவனக்குறைவு என்றால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். அந்த ஆதாரத்தை அனுப்புங்கள். இதைக் கஸ்டமர் கேருக்கு அனுப்பாமல் பேங்கின் நோடல் அதிகாரிக்கு, அதாவது புகார்களை மேல்மட்டத்தில் பார்க்கிறவருக்கு அனுப்ப வேண்டும், விலாசம் பேங்க் இணையதளத்திலேயே இருக்கும்.

அங்கேயும் ஆகவில்லை என்றால் ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க் மேல் வருகிற புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே திட்டம், எந்தப் பேங்க் எந்த ஊர் என்கிற தொல்லை இல்லை. பேங்க் நிராகரித்த பிறகோ, 30 நாள் பதில் வராமல் இருந்தாலோ போகலாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்-இல் மனு, கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448. வக்கீலே தேவையில்லை.

18 ஆகஸ்ட்

"8,430-க்கு இவ்வளவு அலைச்சலா, விட்டுத் தொலைக்கலாமே" என்கிறார் ஒருவர். கார்டு கம்பெனியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. மெயில் அனுப்ப ஏது அலைச்சல்?

10 செப்டம்பர்

நோடல் அதிகாரி அலுவலகத்திலிருந்து ரெண்டு வரி மெயில். "நல்லெண்ண அடிப்படையில்" ரெண்டு தொகையும் நிரந்தரமாக வரவு. நல்லெண்ணமாம்! சரி, பெயர் என்னவோ வைத்துக்கொள்ளட்டும், வரவு வந்தால் போதும். ஆம்புட்ஸ்மேன் வரை போகவில்லை. திருடன் அகப்படவில்லை, லைசென்ஸுக்கு டூப்ளிகேட் வந்துவிட்டது.

12 செப்டம்பர்

கடைசியாக வந்த கேள்வி: கார்டு பாதுகாப்புத் திட்டம் என்று வருஷத்துக்கு ஆயிரத்து சொச்சம் கேட்டு போன் வருகிறதே, எடுக்கலாமா?

முதலில் உங்கள் கார்டோடு சும்மா வருகிற தொலைந்த கார்டுக் காப்பீடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்டுகளில் உண்டு, யாரும் சொல்வதில்லை. அதில் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், எஃப்ஐஆர் கேட்கிறார்களா என்பது மட்டும் படியுங்கள். எஃப்ஐஆர் கேட்டால் சிஎஸ்ஆர் போதாது, அது வேறு இது வேறு. ஒரே போனில் எல்லாக் கார்டையும் பிளாக் பண்ணித் தருவோம் என்பதற்காக மட்டும் காசு கொடுப்பதாக இருந்தால் நான் கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லாப் பேங்க் நம்பரும் மைனி போனிலும் ஏற்றி வைத்திருக்கிறது, கல்லாவுக்குப் பின்னால் காலண்டரிலும் எழுதியிருக்கிறது.

அந்தக் காலண்டரில் பின் நம்பர் இருக்கிறதா என்று உடனே ஒருவர் கேட்பார். இல்லவே.